பூஜ்ஜியம் காட்டாத எண்ணெய்

ஃப்ரீசர் கதவைத் திறந்தபோது சித்தப்பா கெட்டியாக உறைந்து கிடந்தார்.

அதாவது, அவருடைய எண்ணெய். சோதனைக் குழாயின் அடியில் கொழுப்பு மெழுகுபோல வெளுத்து இறுகியிருந்தது. அதன் மேல் கரைப்பான் தெளிந்து நின்றது. எண்ணெயில் களைக்கொல்லி இருந்தால் அது இந்தத் தெளிவுக்குள்தான் வந்து சேர்ந்திருக்கும்.

எண்ணெய்க்காரி குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"வாங்க சித்தப்பா," என்றாள் மெதுவாக.

"யாருகிட்ட பேசற?" என்று பக்கத்து மேசையிலிருந்து தண்ணிக்காரர் கேட்டார்.

"சாம்பிள்கிட்ட."

"பதில் சொல்லுச்சுன்னா சொல்லு. லீவு போட்டுட்டுப் போயிடறேன்."

ஆய்வகத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குடிநீர் சோதிப்பவர் தண்ணிக்காரர். சமையல் எண்ணெய் சோதிப்பவள் எண்ணெய்க்காரி. அவர்களுக்கு மேலே இருப்பவர் மட்டும் மேடம்.

சித்தப்பாவின் ஆலையிலிருந்து வந்த சூரியகாந்தி எண்ணெய் தன் மேசைக்கே வந்திருப்பதை அவள் மேடத்திடம் சொல்லவில்லை. சொந்தக்காரர்களின் சாம்பிள் வந்தால் உடனே வேறு கைக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. அந்த விதியை விழுங்கிவிட்டுத்தான் நேற்று மாலை எண்ணெயை எடை போட்டுக் கலக்கி ஃப்ரீசரில் வைத்தாள்.

அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷத்தில்.

அந்த ஆலை ஒரு காலத்தில் அப்பாவுக்கும் சொந்தம். அப்பா மலிவு எண்ணெய் கலக்கிறார் என்று சித்தப்பா ஒரு பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. கலப்படம். பாட்டிலில் இருந்தது அப்பாவின் எண்ணெயே இல்லை என்பதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அப்பா கைகூடக் கழுவாமல் ஆலையை விட்டு இறங்கி நடந்தார். மகள் வேதியியல் படிக்கப் போனாள். ஏன் அந்தப் படிப்பு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

போன வாரம் விதைத் தரகர் அம்மாவிடம் வாய் தவறி ஒன்றைச் சொன்னார். களைக்கொல்லியை அளவில்லாமல் அடித்த வயல்களின் விதை ஒரு லாரி நிறையச் சித்தப்பாவின் கிடங்கில் இறங்கியிருக்கிறது.

"பாட்டிலாலதானே உங்கப்பாவை அடிச்சான்," என்றாள் அம்மா. "பாட்டிலாலயே வாங்கட்டும்."

எண்ணெய்க்காரி தெளிந்த நீர்மத்தை உறிஞ்சி எடுத்தாள். வெள்ளைத் தூளோடு குலுக்கிச் சுழற்றினாள். மிச்சமிருந்த கொழுப்பைத் தூள் பிடித்துக்கொண்டது. சுத்தமானதைச் சின்னக் குப்பிகளில் அடைத்து ஸ்டிக்கர் ஒட்டி இயந்திரத்தின் தட்டில் வரிசையாக நிறுத்தினாள்.

வரிசையில் முதல் குப்பி வெறும் கரைப்பான். அடுத்தது பிளாங்க், அதாவது களைக்கொல்லி துளியும் இல்லாத எண்ணெய். பூஜ்ஜியம் என்றால் எது என்று இயந்திரத்துக்குக் காட்டுவதற்கு. அதைக் காட்டாமல் எந்த எண்ணெயையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆய்வகத்தின் பழைய பிளாங்க் தீர்ந்துபோயிருந்தது. புதியதற்கு ஏற்பாடு செய்யும்படி மேடம் சொல்லியிருந்தார். எண்ணெய்க்காரி அதற்காக எங்கேயும் அலையவில்லை. அப்பா வீட்டுக்குப் பின்னால் சின்ன இயந்திரத்தில் ஆட்டும் எண்ணெயை ஒரு பாட்டில் கொண்டுவந்தாள்.

புதிய பிளாங்க் வந்தால் அதைத் தனியாக ஓட்டிப் பார்த்து, சுத்தம் என்று தெரிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். அவள் ஓட்டிப் பார்க்கவில்லை. அப்பாவின் எண்ணெயை இன்னொரு முறை சந்தேகப்படுவதா? அதை ஒருவர் செய்தது போதும்.

அதோடு ஒரு ருசியும் இருந்தது. அப்பாவின் சுத்தத்தைப் பக்கத்தில் வைத்துச் சித்தப்பாவின் அழுக்கை அளப்பது.

இயந்திரத்தின் ஊசி இறங்கியது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கரைப்பான் ஓடியது. கோடு சமதரையாகப் போனது.

பிளாங்க் ஓடியது.

களைக்கொல்லி வெளியே வரும் நேரத்தில், தட்டையாகப் போக வேண்டிய கோடு நிமிர்ந்து எழுந்தது. மலை மாதிரி ஏறி இறங்கியது.

எண்ணெய்க்காரி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு சிரித்தாள். குப்பிகளை மாற்றி வைத்துவிட்டோம், அவ்வளவுதான். அது சித்தப்பா.

சித்தப்பாவின் குப்பி ஓடியது. அந்த நேரம் வந்தது. அந்த நேரம் போனது. கோடு அசையவில்லை.

அவள் மறுபடி குழாய்களிலிருந்தே எடுத்துப் புதுக் குப்பிகளில் அடைத்தாள். ஒவ்வொரு ஸ்டிக்கரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே ஒட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

சித்தப்பா சமதரை. அப்பா மலை.

"என்ன, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் தண்ணிக்காரர். "சாம்பிள் பதில் சொல்லிடுச்சா?"



யோசித்தால் புரியாத விஷயமில்லை. சித்தப்பாவின் ஆலையில் எண்ணெயைச் சுத்திகரிக்கிறார்கள். காற்றை உறிஞ்சிய தொட்டியில் கொதிக்கக் கொதிக்க நீராவி விட்டு வாடையை எடுக்கிறார்கள். வாடையோடு இந்தக் களைக்கொல்லியும் ஆவியாகப் போய்விடும். அப்பா எதையும் எடுப்பதில்லை. விதையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எண்ணெயில் கொடுப்பார். அதுதான் அவருடைய பெருமை.

நல்லது அப்படியே வந்தால் கெட்டதும் அப்படியேதான் வரும்.

பிளாங்கே கெட்டுப்போனதால் கணக்கைத் துல்லியமாகப் போட முடியவில்லை. ஆனால் அப்பாவின் எண்ணெய் வரம்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது என்பதைச் சொல்லக் கணக்கு தேவைப்படவில்லை.

அவளுடைய போன் அதிர்ந்தது. அம்மா. மாடிப்படிக்குப் போய் எடுத்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"மாட்டினானா?"

"இல்ல. அவர் எண்ணெய் சுத்தமா இருக்கு."

"என்னடி சொல்ற? தரகர் பொய்யா சொல்வாரு?"

"அவர் பொய் சொல்லல. சுத்திகரிக்கிறப்போ போயிடும்மா. நான்தான் யோசிக்கல. அவசரத்துல..." அவள் நிறுத்தினாள். அம்மாவின் பின்னால் வாணலியில் எதுவோ பொரியும் சத்தம் கேட்டது. "அம்மா, அடுப்பை அணை."

"ஏன்?"

"அணைம்மா. அப்பா எண்ணெயில இருக்கு."

பொரியும் சத்தம் அடங்கியது.  அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"ரெண்டும் ஒரே நிறம்தானே?" என்றாள் கடைசியில்.

"எது?"

"எண்ணெய்."

"ஆமா."

"அப்புறம் என்னடி? ஸ்டிக்கரை மாத்தி ஒட்டு."

"அம்மா!"

"என்ன அம்மா? அவன் செஞ்சான்ல? அவனுக்குக் கை கூசுச்சா? ராத்திரி தூங்காம இருந்தானா? வீட்டைப் புதுசாக் கட்டினான். உங்கப்பன் கடை கடையாப் போய், நான் கலக்கலைங்க, நான் கலக்கலைங்கன்னு நின்னப்போ நான் கூட நின்னேன். நீ ஸ்கூல்ல இருந்த. உனக்கு என்ன தெரியும்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சா ஒட்டு. இன்னொரு தடவை கடவுள் கையில குடுக்க மாட்டாரு."

அம்மா வைத்துவிட்டாள்.

எண்ணெய்க்காரி திரும்பி வந்து தட்டுக்கு முன்னால் நின்றாள். சாப்பாட்டு நேரம். தண்ணிக்காரர் கிளம்பிவிட்டிருந்தார். இயந்திரத்தின் விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

அப்பாவின் குப்பியை எடுத்தாள். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். சுலபமாக வந்தது. பசை காயவே இல்லை.

இவ்வளவு சுலபமாகவா இருந்திருக்கும் சித்தப்பாவுக்கும்?

நல்லவளாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சித்தப்பாவின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அவர் கடை கடையாக ஏற வேண்டும். சித்தி கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தெருவில் போக வேண்டும். அந்த ஆசையில் ஒரு சொட்டும் குறையவில்லை.

ஆனால் கீழே சாம்பிள் அறையில், சித்தப்பாவின் அதே எண்ணெய் இன்னொரு பாட்டிலில் முத்திரையோடு இருக்கிறது. எந்தச் சாம்பிளுக்கும் அப்படி ஒன்றை எடுத்து வைப்பார்கள். முடிவு தப்பு என்று அவர் சண்டை போட்டால் அதை உடைத்து மறுபடி சோதிப்பார்கள். சுத்தம் என்று வரும். அன்றைக்குச் சித்தப்பா சிரிப்பார். அண்ணன் மாதிரியே மகளும் என்பார்.

திரும்பச் சோதித்தால் உடைந்துபோகிற பழி அவளுக்கு வேண்டாம்.

அதோடு, ஸ்டிக்கரை மாற்றினாலும் அப்பாவின் எண்ணெய் அப்பாவின் எண்ணெயாகத்தான் இருக்கும். பாட்டில்களில், அடுத்தவர்களின் அடுப்படியில்.

அவள் ஸ்டிக்கரின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு மேடத்தின் அறைக்குப் போனாள்.

மேடம் மோர் குடித்துக்கொண்டே எதையோ திருத்திக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

"என்ன உறவு?"

"சித்தப்பா."

"முடிவு வந்ததுக்கப்புறம் சொல்ற."

"முன்னாடி சொல்லியிருந்தா என்கிட்டேர்ந்து வாங்கியிருப்பீங்க மேடம்."

"வாங்கத்தான் விதி." மேடம் பேனாவை மூடினார். "பிளாங்க் எங்கேர்ந்து?"

"வீட்லேர்ந்து."

"ஓட்டிப் பார்த்தியா?"

"எங்கப்பா ஆட்டின எண்ணெய் மேடம்."

"அது பதிலா?"

எண்ணெய்க்காரி தரையைப் பார்த்தாள்.

"சித்தப்பாவைப் பிடிக்கணும்னு வெறி. அப்பா மேல கண்ணை மூடிக்கிட்டு நம்பிக்கை. ரெண்டையும் வச்சுக்கிட்டு மேசைக்கு வந்தா இப்படித்தான் ஆகும்." மேடத்தின் குரல் உயரவில்லை. அதுதான் சுட்டது. "இந்தச் சாம்பிளைத் தண்ணிக்காரர் முதல்லேர்ந்து செய்வார். வேற பிளாங்க் வச்சு. நான் சொல்ற வரைக்கும் நீ மேசைப் பக்கம் வரக் கூடாது."

"சரி மேடம்."

அவள் கதவருகே போனபோது மேடம் கூப்பிட்டார்.

"உங்கப்பா எண்ணெய் விக்கறாரா?"

"ஆமா."

"இன்னிக்கே நிறுத்தச் சொல்லு. விதை எங்க வாங்கினார்னு கேளு. அவரே விதையைக் கொண்டுவந்து குடுத்தா முறைப்படி சோதிக்கலாம். நீ கொண்டுவந்தா முடியாது. உன் கை பட்டாலே கேள்வி வரும்." மேடம் மறுபடி பேனாவைத் திறந்தார். "ஒரே விஷயத்துல நீதிபதியாவும் வாதியாவும் இருக்க முடியாதும்மா. எதாவது ஒண்ணு."

தெருவில் நடக்கும்போது எண்ணெய்க்காரிக்கு அந்தப் பேச்சு இனிக்க ஆரம்பித்தது. வாதி. அது போதும் அவளுக்கு.

வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வடிதுணியின் அடியில் பாத்திரத்தை வைத்துவிட்டு, எண்ணெய் நூலாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியமே வீட்டுக்கு வந்த மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன பாப்பா, சீக்கிரம் விட்டுட்டாங்களா?"

அம்மா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அப்பா, மோட்டாரை நிறுத்துங்க."

"இந்த ஈடு முடியட்டும்மா."

அவளே போய் நிறுத்தினாள். பிறகு சொன்னாள். மலை, சமதரை, வரம்பு எல்லாவற்றையும்.  அப்பா பாத்திரத்தைத் தூக்கி எண்ணெயை முகர்ந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைக்கப் போனார்.

"வேணாம்ப்பா. வாசனை இருக்காது. ருசியும் இருக்காது."

"தப்பா இருக்குமோ?"

"ரெண்டு தடவை ஓட்டினேன்."

"என் எண்ணெயா?"

"உங்க எண்ணெய்தான்."

அவர் புண்ணாக்குத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். "பக்கத்துத் தெரு குழந்தைகள் காப்பகத்துக்கு நேத்துதான் ஊத்திக் குடுத்தேன்," என்றார்.

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாதுப்பா. ஆனா திருப்பி வாங்கிடணும்."

அவர் உடனே போனை எடுத்துக் காப்பகத்துக்குப் பேசினார். "எண்ணெயில ஒரு கோளாறு. தயவுசெஞ்சு அடுப்புல வைக்காதீங்க. நான் வந்து எடுத்துக்கறேன். ஆமா, என் தப்புதான்." செய்யாத தப்பை இல்லை என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய் அது. இன்றைக்கு ஆமாம் என்றது.

அவர் பேசி முடிக்கும் வரை எண்ணெய்க்காரி காத்திருந்தாள்.

"விதை எங்க வாங்கினீங்க?"

"வழக்கமா வாங்கற இடம்தான்."

"வழக்கமா வாங்கற மூட்டையில கடை முத்திரை இருக்கும். இதுல ஒண்ணுமே இல்லையே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"தம்பி அனுப்பினான்."

அம்மா படியிலிருந்து இறங்கினாள். "எந்தத் தம்பி?"

"எனக்கு எத்தனை தம்பி?"

"உங்களைத்தான் கேக்கறேன். எந்தத் தம்பி?"

"கொஞ்ச நாளா போன்ல பேசறான். நடந்தது நடந்துபோச்சு அண்ணா, வயசாகுதுன்னான். நல்ல விதை வந்திருக்கு, ஆட்டிப் பாருங்கன்னு அனுப்பினான். உன்கிட்ட சொன்னா நீ வாசல்லயே கொட்டிடுவேன்னு..."

"கொட்டியிருப்பேன்! கொளுத்தியிருப்பேன்! என் முந்தானையில அழுதீங்களே, அப்போ நான் வேணும். அவனோட கொஞ்சிக் குலாவ நான் வேண்டாமா?"

"தம்பி கூப்பிட்டா எப்படிடி பேசாம இருக்கறது?"

"எனக்குத் தெரியாதா உங்களை? அவன் எட்டி உதைச்சாலும் அவனுக்குக் கால் வலிக்குதான்னு கேப்பீங்க."

எண்ணெய்க்காரி இருவர் பேச்சையும் கவனிக்கவில்லை. அவள் மனசு வேறு இடத்தில் வேகமாக ஓடியது. ஒரே லாரி விதை. ஆலைக்குப் போனது நீராவியில் சுத்தமாகிவிடும். இங்கே வந்தது சுத்தமாகாது. எண்ணெய்த் தொழிலில் ஊறியவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

"அப்பா, அவருக்குத் தெரிஞ்சுதான் அனுப்பியிருக்காரு."

"சேச்சே." அப்பா எழுந்துவிட்டார். "அன்னிக்கு ஆசையில செஞ்சான். இன்னிக்கு என்கிட்ட என்ன இருக்கு பறிக்கறதுக்கு? அவனுக்கும் தெரிஞ்சிருக்காது பாப்பா. தரகர் அவனையும் ஏமாத்தியிருப்பான். பாவம், அவன் கிடங்குல மிச்சம் இருக்குமே."

"பாவமாம்," என்றாள் அம்மா.

"சொல்ல வேண்டியது நம்ம கடமை," என்று அப்பா போனை அழுத்தினார். கையில் எண்ணெய் இருந்ததால் போனைப் புண்ணாக்கு மூட்டையின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணா!" சித்தப்பாவின் குரல் கொல்லை முழுக்க நிறைந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம். "சொல்லுங்க அண்ணா. ஆட்டியாச்சா? வித்துப்போச்சா?"

"ஆட்டினேன் தம்பி. அதுல ஒரு சிக்கல். பாப்பா நம்ம எண்ணெயை ஆய்வகத்துல ஓட்டிப் பார்த்திருக்கா." அப்பா தொண்டையைச் செருமினார். "அதுல என்னமோ இருக்குதாம்டா."

 மறுபக்கம் எங்கோ ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தம் மட்டும் கேட்டது.

"எவ்வளவு?" என்றார் சித்தப்பா.

அப்பா வாயைத் திறந்தார். பதில் சொல்லத்தான் திறந்தார். சொல்லவில்லை.

எண்ணெயில் ஏதோ இருக்கிறது என்று சொன்னால் எந்த மனிதனும் முதலில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பான். தண்ணியா, தூசியா, மலிவு எண்ணெயா? சித்தப்பா அதைக் கேட்கவில்லை. அதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

"அண்ணா? எவ்வளவு காட்டுச்சு? எழுத்துல குடுத்துட்டாங்களா? அண்ணா, லைன்ல இருக்கீங்களா?"

எண்ணெய்க்காரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஆலையை விட்டு இறங்கிய அன்றுகூட அந்த முகத்தில் வலிதான் இருந்தது. இப்போது வலி மெல்ல வடிந்து, அடியில் வேறொன்று இறுகுவது தெரிந்தது. அதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சித்தப்பா விழுவதற்காக மட்டுமல்ல, அப்பா கோபப்படுவதற்காக.

அப்பா ஒரு விரலால் போனை அணைத்தார்.

"உங்க மேடம் நாளைக்குக் காலையில இருப்பாங்களா?"

"இருப்பாங்கப்பா. ஆனா விதையை நீங்கதான் கொண்டுவரணும். எண்ணெயும் நம்ம எண்ணெய்னு எழுதிக் குடுக்கணும். உங்க பேரும் சேர்ந்துதான் வெளியில வரும்."

"வரட்டும்." மூலையில் பிரிக்காமல் கிடந்த மூட்டைகளிடம் போய் ஒவ்வொன்றின் தையலையும் தடவிப் பார்த்தார். "இந்தத் தடவை என் எண்ணெய் கெட்டதுன்னு நானே சொல்றேன். யார் கெடுத்தான்னும் நானே சொல்றேன். இதை யாரும் தொடாதீங்க."

 அம்மா உள்ளே போய்ப் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

போன் மறுபடி அடித்தது. தம்பி என்று திரை மின்னியது. ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. பிறகு சித்தியின் எண்ணிலிருந்து அடித்தது.

எண்ணெய்க்காரி அதை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"விடு பாப்பா," என்றார் அப்பா. விதைத் தூசியைத் தட்டிவிட்டுத் தரையில் சாவகாசமாக உட்கார்ந்தார். "அடிக்கட்டும். கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருப்போம்."